மூடுல் கோடில் கைவைத்திருக்கிறோம், அப்டேட் எப்படிப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த சர்வரில் மூடுல் (இணையவழிப் பாடங்களுக்கான மென்பொருள்) நடத்தும் கல்லூரிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் யாராவது ஒருவர் கோர் கோடில் (மூடுலோடு வரும் மூலக் கோடில்) கைவைத்திருப்பார். மார்க் பட்டியலில் ஒரு காலம் (நெடுவரிசை), லாகின் பக்கத்தில் ஒரு வரி என்று ஏதோ ஒன்று. அப்டேட் நாள் வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம்.

லினக்ஸ் சர்வர், மூடுல் 4.5 (2024 அக்டோபரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு) இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

1. ரெண்டே ரெண்டு வரிதான் மாத்தியிருக்கேன். அப்டேட் போட்டா போயிடுமா?

அப்டேட் எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜிப்பை இறக்கி, பழைய ஃபோல்டரை நகர்த்திவிட்டுப் புதியதை வைத்தால் மாற்றம் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. ‘கிட் புல்’ (கோடின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், புதிய கோடை இழுக்கும் கட்டளை) அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அந்த ஃபைலை மூடுல்காரர்கள் தொடவில்லை என்றால் உங்கள் வரி அப்படியே இருக்கும். தொட்டிருந்தால், உங்கள் மாற்றம் அழிந்துவிடும் என்று சொல்லி கிட் நின்றுவிடும். தானாக எதையும் அழிக்காது.

ஜிப்பைப் பழைய ஃபோல்டரின் மேலேயே விரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். புதிய பதிப்பில் நீக்கிவிட்ட பழைய ஃபைல்கள் அங்கேயே கிடக்கும். மூடுல் அவற்றைக் கண்டுகொண்டால், பதிப்புகள் கலந்திருக்கின்றன என்று சொல்லி அப்கிரேடையே நிறுத்திவிடும்.

2. என்னென்ன மாத்தினாங்கன்னு யாருக்கும் தெரியல. பழைய ஆள் வேலையை விட்டுட்டார். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிட் மூலம் நிறுவியிருந்தால் ‘கிட் ஸ்டேட்டஸ்’, ‘கிட் டிஃப்’ இரண்டும் சொல்லிவிடும். ஜிப் மூலம் நிறுவியிருந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதலில் வெர்ஷன்.பிஎச்பி ஃபைலைத் திறந்து வெர்ஷன் எண்ணை முழுதாக, புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தோடு, குறித்துக்கொள்ளுங்கள். 4.5 வெளியானபோது அது 2024100700.00. ரிலீஸ் பெயரில் கூட்டல் குறி இருந்தால் அது வாராந்தர பில்ட். அப்படியானால் 4.5.1 ஜிப்போடு ஒப்பிட்டுப் பயனில்லை. மூடுல்காரர்கள் செய்த திருத்தங்களும் உங்கள் ஆள் செய்தவையும் ஒன்றாகக் கலந்து தெரியும்.

வேறொரு இடத்தில் மூடுல் ரிப்போவை குளோன் செய்து, மூடுல்_405_ஸ்டேபிள் கிளையில் (4.5-க்கான தனி வளர்ச்சிப் பாதையில்) நின்று, ‘கிட் லாக் -எஸ்’ (பெரிய எழுத்து எஸ்) என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்து வெர்ஷன்.பிஎச்பி-யின் வரலாற்றைத் தேடுங்கள். அந்த எண் வந்த கமிட்டும் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) அது மாறிய கமிட்டும் கிடைக்கும். வந்த கமிட்டை செக்அவுட் செய்து, லைவ் கோடை அதன் மேல் ஆர்சிங்க் (ஃபைல்களை ஒத்திசைத்து நகலெடுக்கும் கருவி) செய்யுங்கள். கூடவே டெலீட் விருப்பத்தைக் கொடுங்கள். டாட் கிட் ஃபோல்டரையும் கான்ஃபிக்.பிஎச்பி-யையும் விலக்கிவிடுங்கள்.

இப்போது ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்தால் மாறியவை என்று வருவது கோரில் செய்த கைவேலை. புதியவை என்று வருவது பெரும்பாலும் பிளகின்கள். பிளகினுக்குள்ளும் கைவேலை இருக்கலாம். ஒவ்வொன்றையும் அதனதன் வெர்ஷன் எண்ணைப் பார்த்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு முறைதான்.

3. டிஃப் போட்டா எல்லா ஃபைலுமே மாறின மாதிரி காட்டுது!

யாரோ விண்டோஸ் வழியாக ஃபைல்களை ஏற்றியிருக்கிறார்கள். வரி முடிவுகள் மாறியிருக்கும். டிஃப்போடு ‘இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்’ சேர்த்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தது சட்டென்று குறையும். அப்படியும் வரி எதுவும் மாறாத ஃபைல்கள் பட்டியலில் நின்றால், யாரோ சிமாட் அடித்து அனுமதிகளை மாற்றியிருக்கிறார்கள். ‘கோர்.ஃபைல்மோட்’ அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் அவையும் போகும்.

4. ஸ்டாஷ் போட்டு, புல் பண்ணி, ஸ்டாஷ் பாப் பண்ணா போதாதா? எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?

ஸ்டாஷ் உங்கள் மாற்றத்தை ஒதுக்கி வைக்கும், பாப் அதைத் திரும்பப் போடும். சின்ன அப்டேட்டுக்கு ஒரு தடவை ஓடும். ஆனால் ஸ்டாஷுக்கும் பாப்புக்கும் நடுவில் தளம் உங்கள் மாற்றம் இல்லாமல் ஓடுகிறது. பாப் அடிக்கும்போது மோதல் வந்தால், மோதல் குறிகள் லைவ் சர்வரின் பிஎச்பி ஃபைலுக்குள்ளேயே விழும். அந்தப் பக்கம் அப்போதே செத்துவிடும். எதற்காக மாற்றினோம் என்பதும் எங்கும் பதிவாகாது. ஆறு மாதம் கழித்து 2-ஆம் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வெறும் ஸ்டாஷ் புதிதாகச் சேர்த்த ஃபைல்களை எடுக்காது. அதற்கு ‘-யு’ வேண்டும். அதற்குப் பதில் ‘-ஏ’ அடித்தால், கிட் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும் கான்ஃபிக்.பிஎச்பி-யும் உள்ளே போய்விடும். உடனே உங்கள் தளம் நிறுவல் பக்கத்தைக் காட்டும். பயப்பட வேண்டாம், டேட்டாபேஸ் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் எதையும் அழுத்தாமல் முதலில் ஸ்டாஷைத் திரும்ப எடுங்கள்.

5. அப்போ மாற்றங்களை எப்படித்தான் வச்சுக்கணும்?

உங்களுக்கென ஒரு கிளை, ஒரு காரணத்துக்கு ஒரு கமிட். மூடுல் ரிப்போவை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் ரிமோட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளையை மூடுல்_405_ஸ்டேபிள் மேல் தொடங்குங்கள். 2-ஆம் கேள்வியில் கண்டுபிடித்த மாற்றங்களை மொத்தமாக ஒரே கமிட்டில் கொட்டாதீர்கள். ‘கிட் ஆட் -பி’ அடித்தால் துண்டு துண்டாகக் கேட்கும். வருகைப்பதிவு மாற்றம் ஒரு கமிட், லாகின் பக்கம் இன்னொரு கமிட் என்று பிரிக்கலாம். எதற்கென்றே தெரியாத துண்டுகளையும் தனியாக, ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதியே கமிட் செய்யுங்கள். அடுத்த அப்டேட்டில் அதைக் கழற்றிப் பார்க்கலாம். பாதிக்கு மேல் யாரும் தேடமாட்டார்கள்.

கமிட் செய்தியில் நான்கு விஷயம் வேண்டும்: என்ன மாற்றம், எந்த அலுவலகம் கேட்டது, எப்படிச் சோதிப்பது, எப்போது இதை எறியலாம். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூடுல் டிராக்கரில் அதே குறை பதிவாகியிருந்தால் அந்த எம்டிஎல் எண்ணையும் (டிராக்கரில் அந்தக் குறைக்கான பதிவு எண்) எழுதுங்கள். அது சரிசெய்யப்பட்ட அன்றே உங்கள் கமிட்டுக்கு வேலை முடிந்தது.

இதன் பிறகு ‘கிட் லாக் --ஒன்லைன் அப்ஸ்ட்ரீம்/மூடுல்_405_ஸ்டேபிள்..ஹெட்’ என்ற ஒரே கட்டளை உங்கள் எல்லா மாற்றத்தையும் பட்டியலிடும். இந்தப் பட்டியல் ஒரு திரைக்கு மேல் நீண்டால், அப்டேட்டைத் தள்ளிவைத்து 7-ஆம் கேள்விக்குப் போங்கள்.

6. மெர்ஜா, ரீபேஸா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மெர்ஜ் இரண்டு கிளைகளை ஒன்றாக இணைக்கும், ரீபேஸ் உங்கள் கமிட்டுகளைப் புதிய கோடின் மேல் மறுபடி அடுக்கும். எங்கள் கட்சி ரீபேஸ். உங்கள் கமிட்டுகள் எப்போதும் உச்சியில் வரிசையாக நிற்கும், தேவையற்றதைக் கழற்றுவதும் எளிது. மெர்ஜில் இரண்டு வருடம் ஓடினால் உங்கள் மாற்றங்கள் மூடுலின் ஆயிரக்கணக்கான கமிட்டுகளுக்கு நடுவே புதைந்துபோகும். ரீபேஸ் வரலாற்றைத் திருத்தி எழுதுவதால் லைவ் சர்வரில் சாதாரண ‘புல்’ சரிவராது. அதனால் சோதனை முடிந்த ஒவ்வொரு நிலைக்கும் ‘லைவ்-2025-03-14’ என்பதுபோல தேதியோடு டேக் (அடையாளப் பெயர்) போட்டு, லைவில் அந்த டேகை செக்அவுட் செய்யுங்கள். பின்வாங்க வேண்டுமானாலும் எந்த டேக் என்று தெரியும். ஒரே கிளையில் நாலைந்து பேர் வேலை செய்கிறீர்கள் என்றால் மெர்ஜ்தான் சண்டை இல்லாதது.

பெரிய பதிப்பு மாறும்போது மட்டும் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 4.4 கிளையும் 4.5 கிளையும் தனித்தனியாக வளர்பவை. ஒரே திருத்தம் இரண்டிலும் வெவ்வேறு கமிட்டாக இருக்கும். ஒன்றை மற்றொன்றில் மெர்ஜ் செய்தால் நீங்கள் தொடாத ஃபைல்களிலும் மோதல் வரும். ‘கிட் ரீபேஸ் --ஆன்ட்டு’ என்று அடித்து, புதிய ஸ்டேபிள் கிளை, பழைய ஸ்டேபிள் கிளை, உங்கள் கிளை என்ற வரிசையில் மூன்று பெயரையும் கொடுங்கள். உங்கள் கமிட்டுகள் மட்டும் பெயர்ந்து புதிய பதிப்பின் மேல் உட்காரும். பழைய கிளைக்கு முன்பே ஒரு டேக் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7. கோரைத் தொடாமலே இதெல்லாம் செய்ய முடியாதா?

பெரும்பாலானவற்றை முடியும். வார்த்தை மாற்றம்தான் வேண்டும் என்றால் நிர்வாகப் பகுதியில் லாங்வேஜ் கஸ்டமைசேஷன் இருக்கிறது. தமிழ் மொழிப்பொதிக்கு அது மூடுல்டேட்டாவில் (ஏற்றிய ஃபைல்கள் போன்றவற்றை மூடுல் சேமிக்கும் ஃபோல்டர்) டிஏ_லோக்கல் என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். கோடுக்கு வெளியே இருப்பதால் அப்டேட் அதைத் தொடாது. அனலிடிக்ஸ் துண்டு, ஹெட்டரில் ஒரு வரி போன்றவற்றுக்கு ‘அடிஷனல் எச்டிஎம்எல்’ அமைப்பு. தோற்றத்துக்கு மூடுலின் இயல்பான தீமான பூஸ்டைப் பெற்றோராகக் கொண்ட ஒரு சைல்ட் தீம். ஒரு செயல் நடந்ததும் வேறொன்று நடக்க வேண்டுமானால் லோக்கல் பிளகினில் (உங்கள் தளத்துக்கென எழுதும் துணைநிரல்) ஈவென்ட் அப்சர்வர். 4.3-இலிருந்து ஹுக் (கோரின் குறிப்பிட்ட இடங்களில் உங்கள் கோடை இணைக்கும்) வசதியும் வந்துவிட்டது.

தீமில் ஒரு மஸ்டாச் டெம்ப்ளேட்டை (பக்கத்தின் வடிவத்தை வைத்திருக்கும் ஃபைல்) நகலெடுத்து மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். மூடுல் அந்த டெம்ப்ளேட்டில் ஒரு குறையைத் திருத்தினால் உங்கள் நகலுக்கு அது வராது. கோரில் மாற்றியிருந்தால் மோதலாவது வந்து சொல்லியிருக்கும். இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். முழு ஸ்கிரிப்டையே மாற்ற கான்ஃபிக்கில் உள்ள ‘கஸ்டம்ஸ்கிரிப்ட்ஸ்’ வசதிக்கும் இதே கதி. நகலெடுத்த ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியிலும் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று கமென்ட் எழுதுங்கள். அப்டேட்டின்போது அந்தப் பதிப்புக்கும் புதியதற்கும் நடுவே மூல ஃபைல் மாறியதா என்று டிஃப் பாருங்கள்.

8. ஜாவாஸ்கிரிப்ட்ல மாத்தினேன், ஒண்ணுமே நடக்கல. அப்டேட்ல அதே ஃபைல்ல பயங்கர கான்ஃப்ளிக்ட் வேற.

ஏஎம்டி/எஸ்ஆர்சி ஃபோல்டரில் இருப்பது மனிதர் படிக்கும் மூலம். பிரவுசருக்குப் போவது ஏஎம்டி/பில்ட் ஃபோல்டரில் உள்ள சுருக்கிய ஃபைல். மூலத்தை மாற்றியபின் கிரன்ட் (பில்ட் செய்யும் கருவி) ஓட்டினால்தான் பில்ட் மாறும். சுருக்கிய ஃபைலில் மோதல் வந்தால் கையால் பிரிக்க முயலவே வேண்டாம். மூடுலின் பில்டை அப்படியே ஏற்று, எஸ்ஆர்சி ஃபைலில் மட்டும் மோதலைத் தீர்த்து, ‘கிரன்ட் ஏஎம்டி’ ஓட்டி, வந்ததை கமிட் செய்யுங்கள்.

9. கான்ஃப்ளிக்ட் வந்தா யாருடையதை வைக்கணும்? நம்மளதா, அவங்களதா?

கண்ணை மூடிக்கொண்டு எதையும் வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் எதிலிருந்து பிரிந்தன என்று தெரிந்தால்தான் தீர்க்க முடியும். ‘மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்’ அமைப்பை ‘ஸீடிஃப்3’ ஆக்குங்கள் (கிட் 2.35 முதல் உண்டு, பழையதில் ‘டிஃப்3’). மோதல் இடத்தில் நடுவே மூல வடிவமும் தெரியும். பிறகு அந்த ஃபைலின் அப்ஸ்ட்ரீம் லாகைப் பார்த்து அவர்கள் ஏன் மாற்றினார்கள் என்று படியுங்கள். உங்கள் குறையையே அவர்கள் தீர்த்திருந்தால் ‘ரீபேஸ் --ஸ்கிப்’. வெர்ஷன்.பிஎச்பி-யில் மோதல் வந்தால் எப்போதும் அவர்களுடையதுதான். அந்த ஃபைலில் நீங்கள் கைவைத்திருக்கவே கூடாது.

ரீபேஸின்போது ‘அவர்ஸ்’, ‘தேர்ஸ்’ இரண்டும் தலைகீழ். உங்கள் கமிட்டுகளை மூடுலின் கிளைமேல் ஒவ்வொன்றாக வைப்பதால், ‘அவர்ஸ்’ என்பது மூடுலுடையது, ‘தேர்ஸ்’ என்பது உங்களுடையது. மெர்ஜ் பழக்கத்தில் ‘அவர்ஸ்’ கொடுத்துத் தன் மாற்றத்தையே தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். ஒரே மோதல் ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்தால் ‘ரீரீரீ.எனேபிள்ட்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஒரு முறை தீர்த்ததை கிட் நினைவில் வைத்து அடுத்த முறை தானே போடும். தப்பாகத் தீர்த்திருந்தால் அதையும் அப்படியே போடும்.

10. கான்ஃப்ளிக்டே வரல. அப்போ எல்லாம் சரிதானே?

இல்லை. ஒரே இடத்து வரிகள் இரு பக்கமும் மாறியதா என்று மட்டும்தான் கிட் பார்க்கும். நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷன் வேறொரு ஃபைலில் நீக்கப்பட்டிருந்தால் அதற்குத் தெரியாது. 5.0-இல் மூடுல் பூட்ஸ்ட்ராப் 4-இலிருந்து 5-க்குப் போனது நல்ல உதாரணம். டெம்ப்ளேட்டில் நீங்கள் சேர்த்த பட்டன் மோதலின்றி வந்து சேரும். ஆனால் அதில் உள்ள கிளாஸ் பெயர்களும் டேட்டா பண்புகளும் பழையவை. பழைய பெயர்களை ஓரளவு தாங்கிப்பிடிக்க மூடுல் இடைக்கால ஏற்பாடு செய்திருந்தாலும் அதையே நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சோதனைத் தளத்தில் டீபக்கிங்கை டெவலப்பர் நிலைக்கு ஏற்றி, உங்கள் கமிட் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடத்திப் பாருங்கள். 5-ஆம் கேள்வியில் ‘எப்படிச் சோதிப்பது’ என்று எழுதச் சொன்னது இதற்குத்தான். நீங்கள் நகலெடுத்து வைத்த கோடில் அனுமதிச் சோதனை வரிகள் இருந்தால் அவற்றை இரண்டு முறை பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் பலவும் அந்த ஒற்றை வரியில்தான் வருகின்றன.

11. லைவ்ல போடும்போது வரிசை என்ன?

முதலில் சோதனைத் தளம்: லைவ் டேட்டாபேஸின் நகல், மூடுல்டேட்டாவின் நகல், தனி கான்ஃபிக். அந்த கான்ஃபிக்கில் ‘நோஇமெயில்எவர்’ ட்ரூ என்று போடாமல் கிரான் (நேரப்படி தானாக ஓடும் வேலைகள்) ஓடவிட்டால், பழைய நினைவூட்டல் மெயில்கள் மாணவர்களுக்குப் போகும். சோதனை முடிந்து டேக் போட்டபின் லைவில்: அட்மின்/சிஎல்ஐ ஃபோல்டரில் உள்ள மெயின்டெனன்ஸ் ஸ்கிரிப்டால் தளத்தை மூடுங்கள். கிரானை நிறுத்துங்கள். டேட்டாபேஸ், மூடுல்டேட்டா, கோடு மூன்றையும் பேக்கப் எடுங்கள். டேகை செக்அவுட் செய்யுங்கள். அப்கிரேட் ஸ்கிரிப்ட், பர்ஜ் கேஷஸ் ஸ்கிரிப்ட் இரண்டையும் வெப் சர்வரின் பயனராக ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் கேஷ் ஃபைல்கள் ரூட் பெயரில் உருவாகி, தளம் எழுத முடியாமல் திணறும். ஓப்கேஷில் (பிஎச்பி கோடை நினைவகத்தில் வைத்திருக்கும் வசதி) டைம்ஸ்டாம்ப் சோதனையை அணைத்திருந்தால் பிஎச்பி-எஃப்பிஎம் ரீஸ்டார்ட்டும் வேண்டும், இல்லையென்றால் பழைய கோடுதான் ஓடும். பிறகு கிரான், கடைசியில் தளத்தைத் திறப்பது.

அப்கிரேட் ஓடியபின் பின்வாங்க நினைத்தால் கோடை மட்டும் பழைய டேகுக்குக் கொண்டுபோவது உதவாது. டேட்டாபேஸில் உள்ள பதிப்பு எண் கோடைவிடப் பெரிதாக இருந்தால் மூடுல் இயங்க மறுக்கும். டேட்டாபேஸையும் பழைய பேக்கப்புக்குத் திருப்ப வேண்டும். ஆகவே தளத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவெடுங்கள். திறந்து ஒரு மணி நேரம் போனால் மாணவர்கள் ஏற்றிய விடைகளும் சேர்ந்து போகும்.

12. மூடுல் டேபிள்லயே ஒரு காலம் சேர்த்துட்டோம். பிரச்சினையா?

இன்று இல்லை, மூடுல் அந்த டேபிளை மாற்றும் அன்று வரும். ‘செக்_டேட்டாபேஸ்_ஸ்கீமா’ என்ற சிஎல்ஐ ஸ்கிரிப்ட் அதைக் குறையாகக் காட்டும். சரியான வழி, லோக்கல் பிளகினில் சொந்த டேபிள் ஒன்று வைத்து, அதில் மூல வரிசையின் ஐடி-யைச் சேமிப்பது. பழைய நெடுவரிசையின் தரவை அதற்கு மாற்றிவிட்டு, அடுத்த பெரிய அப்கிரேடுக்கு முன் அந்த நெடுவரிசையை நீக்குங்கள்.

13. அப்டேட்டே வேண்டாம், செக்யூரிட்டி ஃபிக்ஸை மட்டும் செர்ரி-பிக் பண்ணிக்கலாமா?

அவசரத்துக்குச் செய்யலாம், வாடிக்கையாக்க வேண்டாம். ‘செர்ரி-பிக் -எக்ஸ்’ அடித்தால் மூல கமிட்டின் எண் செய்தியில் பதிவாகும். ஆனால் அந்தத் திருத்தம் அதற்கு முந்தைய இன்னொரு கமிட்டை நம்பியிருக்கலாம். டேட்டாபேஸ் படி ஒன்று அதில் இருந்தால், வெர்ஷன் எண் ஏறாவிட்டால் அது ஓடவே ஓடாது. ஒரே ஸ்டேபிள் கிளைக்குள் வரும் சிறு பதிப்புகளில் புது வசதிகள் அநேகமாக இருக்காது. 5, 6-ஆம் கேள்விகளில் சொன்ன ஏற்பாடு இருந்தால் முழு அப்டேட்டே செர்ரி-பிக்கைவிடக் குறைந்த வேலை.

உங்கள் தளத்தை மூடுலில் பதிவு செய்திருங்கள். பாதுகாப்புக் குறைகளின் விவரம் பதிவு செய்த நிர்வாகிகளுக்கு மெயிலில் முதலில் வரும், பொதுவில் அதன் பிறகுதான்.

14. ரீசெட் ஹார்ட் போட்டுட்டேன். எல்லாம் போச்சு. ஏதாவது வழி இருக்கா?

கமிட் செய்திருந்தால் ஒன்றும் போகவில்லை. ‘கிட் ரீஃப்ளாக்’ பட்டியலில் பழைய நிலையைக் கண்டுபிடித்து அதில் ஒரு கிளை தொடங்குங்கள். கமிட் செய்யாமல் ‘கிட் ஆட்’ மட்டும் செய்திருந்தால் ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ பெயரில்லாத துண்டுகளாகத் திருப்பித் தரும். அதுவும் இல்லையென்றால் பேக்கப்தான்.

இதைவிட ஆபத்தானது ‘கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்’. கிட்டில் சேர்க்காத பிளகின்கள், கான்ஃபிக்.பிஎச்பி இரண்டையும் துடைத்துவிடும். எப்போதும் முதலில் ‘-என்’ சேர்த்து, எவை போகும் என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

15. 5.1-ல ஃபோல்டரே மாறிடுச்சாமே? நம்ம பேட்ச் எல்லாம் என்ன ஆகும்?

5.1-இல் வெப் வழியாகத் திறக்கப்படும் கோடு முழுவதும் ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டருக்குள் போய்விட்டது. வெப் சர்வரின் ரூட்டையும் அதற்குத் திருப்ப வேண்டும். கான்ஃபிக்.பிஎச்பி வெளியேதான் இருக்கும். கிட்டில் சேர்க்காத பிளகின் ஃபோல்டர்கள் தானாக நகராது. லோக்கல், மாட், தீம் என்று ஒவ்வொன்றிலும் உள்ளவற்றை நீங்களே பப்ளிக்குக்குள் மாற்ற வேண்டும்.

ஆன்ட்டு முறையில் (6-ஆம் கேள்வி) ரீபேஸ் செய்தால், ஃபைல் இடம்மாறியதை கிட் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். இடம்மாறிய ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் தேடல் வரம்பைத் தாண்டிவிட்டதாக எச்சரித்தால் ‘மெர்ஜ்.ரீநேம்லிமிட்’ எண்ணை உயர்த்தி மறுபடி ஓட்டுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் ‘ஃபார்மட்-பேட்ச்’ மூலம் கமிட்டுகளைப் பேட்ச் ஃபைல்களாக எடுத்து, ‘கிட் ஏஎம் --டைரக்டரி=பப்ளிக்’ என்று போட்டால் ஒவ்வொரு பாதைக்கும் முன்னால் அந்தப் பெயர் சேர்ந்துகொள்ளும்.

16. மாத்தின கோடை வெளியிடணும்னு சட்டம் இருக்கா?

மூடுலின் உரிமம் ஜிபிஎல் 3. உங்கள் சர்வரில் ஓட்டி, மாணவர்கள் பிரவுசரில் பயன்படுத்துவதால் மட்டும் சர்வர் கோடை வெளியிட வேண்டிய கட்டாயம் வராது. மாற்றிய கோடை இன்னொரு கல்லூரிக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில், மூலத்தோடு கொடுக்க வேண்டும். நெக்ஸ்ட்கிளவுட், மாஸ்டடான் போன்றவை ஏஜிபிஎல். அங்கே கதை வேறு: மாற்றி ஓட்டினால், நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் அந்த மூலம் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

17. நாங்க சரிசெஞ்ச பக்கை மூடுலுக்கே அனுப்பினா எடுத்துக்குவாங்களா?

பொதுவான பக் என்றால் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் நாளாகும். டிராக்கரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் பதிவு செய்து, எம்டிஎல் எண்ணில் தொடங்கும் செய்தியோடு கமிட்டை மெயின் கிளையின் மேல் கட்டி அனுப்ப வேண்டும். சக டெவலப்பர் பார்வை, ஒருங்கிணைப்பு, சோதனை என்று அது நகரும். சோதனைப் படிகளைத் தெளிவாக எழுதியிருந்தால் வேகம் கூடும். யூனிட் டெஸ்டும் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் கல்லூரியின் ரோல் நம்பர் வடிவத்துக்கான மாற்றத்தை அனுப்பாதீர்கள். அதன் இடம் லோக்கல் பிளகின்.

திருத்தம் ஏற்கப்பட்டு உங்கள் ஸ்டேபிள் கிளைக்கு வந்ததும் உங்கள் கமிட்டைக் கழற்றுங்கள். வரிக்கு வரி அதேயாக இருந்தால் ரீபேஸ் தானே விட்டுவிடும். ரிவ்யூவில் கொஞ்சம் மாறியிருந்தால் மோதலாக வரும், அப்போது ‘--ஸ்கிப்’.